முகத்துவாரமும் பூட்டிய அலுமாரியும்

மாரி மழை கொட்டத் தொடங்கினால் மட்டக்களப்பில் பழைய வழக்கொன்று மறுபடி எழும்: வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டுவதா, விடுவதா? வயல் தாழ்கிறது, வெட்டுங்கள் என்பார் படுவான்கரை விவசாயி. வெட்டினால் இறால் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்பார் வாவி மீனவர். இருவர் சொல்வதும் உண்மை.

உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் எவ்வளவு நீரைத் திறந்துவிடுகின்றன என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத் தெரியும். நிலத்தின் மேடுபள்ளம் நில அளவைத் திணைக்களத்திடம். எந்த வயற்கண்டத்தில் என்ன விதைப்பு என்பது கமநல சேவை நிலையத்தில். வாவி ஒன்றுதான், சுமார் 56 கிலோமீற்றர். அதைப் பற்றிய அறிவுதான் கந்தோர் கந்தோராகச் சிதறிக் கிடக்கிறது.

ஒன்றாகத் தரக் கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். இராகு காலம் பார்ப்பவரைக் கண்டு சிரிக்கிறோம். செய்மதிப் படத்தில் எவரும் கூரைகளை எண்ணிவிடும் காலத்தில், வரைபடத்தை அலுமாரியில் பூட்டினால் நாடு பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவரைக் கண்டு ஏன் சிரிப்பதில்லை?

தரவுகளை ஒன்றுசேர்க்காததற்குச் சொல்லும் சாட்டுகளில் உண்மையானவையும் உண்டு. ஆங்கில எழுத்தில் கல்லடி என்ற ஊர்ப்பெயர் ஆளுக்கொரு விதம். கணினிக்கு அவை வேறு வேறு ஊர். கண்டவளை என்ற பழைய நில அளவை அடிப்படையில் குறித்த வீட்டைச் சரியாக மாற்றாமல் இன்றைய ஜீபிஎஸ் படத்தில் வைத்தால், அது இடம் பெயர்ந்து நிற்கும். இவை உட்கார்ந்து தீர்க்கிற வேலைகள்.

பயம் வேறு. போர்க்காலத்தில் குடும்ப விபரப் படிவத்தைக் கொடுத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்த மண் இது. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதைப் பூட்டத்தான் வேண்டும். எந்த நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்பதில் யாருடைய இரகசியம் இருக்கிறது? முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் மறைப்பது நேர்மையில்லை.

2013 அளவில் மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களையும் சுமார் 450 கிலோமீற்றர் வீதிகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள். எவரும் பார்க்கலாம். வானம் இடிந்து விழவில்லை.

அளவைத் தராத அலுவலர் தன்னை நடுநிலையாளர் என்று எண்ணிக்கொள்கிறார். எண் இல்லாத கூட்டத்தில் குரல் பெரியவர் வெல்வார். அவருக்குத்தான் இவர் துணை நின்றிருக்கிறார்.

கேட்டுப் பெறலாமே என்பீர்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தருவதா இல்லையா என்று முடிவெடுக்க மட்டும் 14 வேலை நாட்கள் கொடுக்கிறது. தண்ணீருக்கடியில் நிற்கும் இளம்பயிரிடம் யார் போய்ச் சொல்வது, சனி ஞாயிறு கணக்கில் இல்லையென்று?