நேர்த்திக்கடன் யாருடையது?

2017 செப்டம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திரா ஆகிய இரு அரசுகளுக்கும் ஒரே விவகாரத்துக்காக நோட்டீஸ் அனுப்பியது. திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில் சிறுமிகளை மாத்தம்மா என்ற அம்மனுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இன்னும் நடக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆணையம் விளக்கம் கேட்டது. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, குடும்பத்தோடு வாழ விடுவதில்லை, ஊருக்கே பொதுவான பொருள்போல நடத்துகிறார்கள் என்பவை அதில் சொல்லப்பட்டவை.

இது ஏதோ தொலைதூரத்துச் செய்தி அல்ல. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளத் தமிழர்கள் போகும் புத்தூர், நூலுக்கும் துணிக்கும் பெயர்பெற்ற நகரி, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சத்தியவேடு, நாகலாபுரம் எல்லாம் இந்த வழக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் வட்டாரத்தைச் சேர்ந்தவை. திருத்தணியே 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றும் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசப்படும் பகுதி இது. சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் பேருந்துகள் இந்த ஊர்களில் சிலவற்றைத் தாண்டித்தான் போகின்றன.

வழக்கம் பெரும்பாலும் ஒரு காய்ச்சலில் தொடங்குகிறது. அருந்ததியர் குடும்பத்துப் பெண் குழந்தை நோயில் விழுகிறது. கையில் காசில்லை, கிட்டத்தில் மருத்துவர் இல்லை. பிள்ளை பிழைத்தால் உனக்கே விட்டுவிடுகிறேன் என்று தாய் மாத்தம்மாவிடம் வேண்டிக்கொள்கிறாள். குழந்தை பிழைக்கிறது. பிறகு ஒரு திருவிழாவில் அம்மன் பெயரால் அவளுக்குத் தாலி கட்டுகிறார்கள். அன்றிலிருந்து அவள் யாரையும் மணக்க முடியாது. விழாக்களில் ஆட வேண்டும். வளர்ந்தபின் எந்த ஆணும் அவளை அணுகலாம், எவனும் அவளுக்குப் பொறுப்பில்லை. பிறக்கும் பிள்ளைகளை அவள் ஒருத்தியே வளர்க்கிறாள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பெயர் கேட்கும் கட்டத்தில் அந்தப் பிள்ளைகளின் முதல் அவமானம் தொடங்குகிறது.

அந்தத் தாயின் வேண்டுதலை ஏளனம் செய்ய யாருக்கும் தகுதியில்லை. மருத்துவம் எட்டாத இடத்தில்தான் அவள் அம்மனிடம் போனாள். ஆனாலும் நேர்த்திக்கடனுக்கு ஒரு நியாயம் உண்டு. முடி இறக்குபவர் தம் முடியை இறக்குகிறார், தீ மிதிப்பவர் தம் காலால் மிதிக்கிறார், ஆடு வெட்டுபவர் தம் ஆட்டை வெட்டுகிறார். நேர்ந்துகொண்டவரே கடனையும் கழிக்கிறார். மாத்தம்மா வழக்கத்தில் மட்டும் ஒருவர் நேர்ந்த கடனை இன்னொருவர் தம் உடலால் ஆயுள் முழுக்கக் கழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆதாயம் அடைவது தெய்வமா? ஊர் ஆண்கள்தான் அடைகிறார்கள். எளியவரின் பக்தியை வலியவர் அனுபவிக்கும் ஏற்பாட்டைச் சமய உரிமை என்று சொல்லிக் காப்பாற்ற முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சென்னைச் சட்டமன்றத்தில், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் தேவதாசி வழக்கத்துக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது சித்தூரும் சென்னை மாகாணத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கும் செல்லுபடியானது. 1988இல் ஆந்திர அரசு தனியாக ஒரு தடைச் சட்டம் இயற்றியது. அதன்பிறகும் 2017இல் நோட்டீஸ் அனுப்பும் நிலை வந்ததென்றால், சட்டப் புத்தகத்துக்கும் சேரித் தெருவுக்கும் நடுவே யாரோ வேலை செய்யாமல் இருந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

1988 சட்டம் பெற்றோரையும் தண்டிக்கிறது. இங்கே ஓர் அறச் சிக்கல் எழுகிறது. சிறைக்குப் பயந்த தாய் வேண்டுதலை விடுவாளா, ஒளித்துச் செய்வாளா? ஒளித்துச் செய்தால் பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் ஆசிரியருக்கும் வழி அடைபடும். பெற்றோரை முழுக்க விட்டுவிட்டால் சட்டத்துக்குப் பல்லே இல்லாமல் போகும். தாலி கட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் செவிலியரும் ஆசிரியரும்தான். கட்டியபின் முதலில் சிறைக்குப் போக வேண்டியவர்கள் சடங்கை நடத்தியவர்களும் அந்தப் பெண்ணைப் பயன்படுத்தியவர்களும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் முன் எந்த வழக்கமும், எந்த ‘சம்மதமும்’ 18 வயது நிரம்பாத பிள்ளை விஷயத்தில் எடுபடாது. இன்னொன்றையும் ஊர்ப் பெரியவர்கள் அறிய வேண்டும். குழந்தைக்கு இழைக்கப்படும் பாலியல் குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே அந்தச் சட்டத்தின்படி குற்றம். நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்க முடியாது.

மாத்தம்மாவாக விடப்பட்ட பெண்ணுக்கும், வேலை வாங்கித் தருகிறேன் என்று நகரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு விற்கப்படும் பெண்ணுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. இருவர் வீட்டிலும் வறுமை, இருவருக்காகவும் கேட்க ஆளில்லை. அழைத்துப் போகிறவர் பல நேரம் முகம் தெரியாதவரும் அல்லர். தூரத்து உறவாக, பக்கத்துத் தெரு அக்காவாக, காதலிப்பதாகச் சொன்ன பையனாக இருக்கிறார். திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டா ரயில் சந்திப்பில் சென்னைக்கும் மும்பைக்கும் ரயில் கிடைக்கிறது. யார் யாரோடு வருகிறார்கள் என்று திருப்பதிக் கூட்டத்தில் எவரும் கேட்பதில்லை.

இந்த நிலையில் விழிப்புணர்வுக் கூட்டங்கள் என்ன சொல்கின்றன? பெரும்பாலும் பெண் பிள்ளைகளை உட்காரவைத்து, யாரையும் நம்பாதே, தனியாகப் போகாதே, போனில் பேசாதே என்கின்றன. இதைக் கேட்ட தகப்பன் மகளின் படிப்பை நிறுத்துகிறான், சீக்கிரமே கல்யாணம் பேசுகிறான். ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து இன்னோர் ஆபத்தில் தள்ளுகிறான். ஏமாந்து போய்த் திரும்பியவளைப் பார்த்து, அத்தனை சொல்லியும் போனாயே என்று கேட்கும் துணிச்சலையும் அதே கூட்டம்தான் ஊருக்குத் தருகிறது. கூட்டத்தின் முன்வரிசையில் ஆண்கள் உட்கார வேண்டும். லாட்ஜ் நடத்துபவர், ஆட்டோ ஓட்டுபவர், வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட், பஞ்சாயத்துத் தலைவர் எல்லோரும் கேட்க வேண்டும். வாங்க ஆள் இருப்பதால்தான் விற்பனை நடக்கிறது.

மீட்புக்குப் பின் வரும் கேள்வி இதைவிடக் கடினமானது. 1956ஆம் ஆண்டின் பாலியல் தொழில் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. இதற்கு ஆதரவான வாதமும் வலுவானது. வெளியே புரோக்கர் காத்திருக்கிறான், கடன் காத்திருக்கிறது. சில நேரம் விற்றவர்களே சொந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவள் எந்தக் குற்றமும் செய்யாதவள். கதவைப் பூட்டி வைத்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொன்னால், பிடித்து வைத்திருந்தவனிடமிருந்து அரசு எப்படி வேறுபடுகிறது? 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்குச் சொன்னது. குழந்தைக்குக் காப்பகம் வேண்டும், அதில் தயக்கமில்லை. வயதுவந்தவளிடம் கேட்க வேண்டும், கேட்டபின் அவள் சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும்.

ஏனென்றால் மீண்டவர்கள் இரக்கத்தை மட்டும் எதிர்பார்த்து நிற்பவர்கள் அல்லர். 1996இல் மும்பை விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட நேபாளப் பெண்களைத் திரும்ப ஏற்க அவர்கள் நாடே தயங்கியது. அவர்களில் சிலர் சேர்ந்து தொடங்கிய சக்தி சமூகா என்ற அமைப்பு 2013இல் மகசேசே விருது பெற்றது. ஆந்திராவிலேயே மீண்ட பெண்கள் ‘விமுக்தி’ என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் குரல் கொடுத்துவருகிறார்கள். எந்தப் பொய் எந்த வீட்டில் எடுபடும் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் மேடையேறிக் கதை சொல் என்று அவர்களை வற்புறுத்தும் உரிமை எவருக்கும் கிடையாது.

ஊர் செய்யக்கூடியவை சின்னச் சின்னக் காரியங்கள்தான். திரும்பி வந்தவளை டுவாக்ரா மகளிர் சுயஉதவிக் குழுவில் மறுபடி உறுப்பினராக்குவது, ரேஷன் அட்டையில் பெயரைச் சேர்ப்பது, மனைப் பட்டாவை அவள் பெயரிலேயே வாங்கித் தருவது, தாய் பெயரை மட்டும் எழுதி அவள் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கத் துணைபோவது. இவற்றில் எதற்கும் அவள் என்ன நடந்தது என்று ஊருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நேர்ந்துவிடப்போகும் குழந்தையைப் பற்றியோ, திடீரென்று காணாமற்போன பெண்ணைப் பற்றியோ தெரியவந்தால் உடனே அழையுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112.