சிறுதேரும் கொடையும்

கையாற் செய்த பரிசில் விலைக்கு வாங்கிய பரிசிலினும் உயர்ந்தது என்னும் கருத்து நம்மிடையே ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. செய்தவனின் நேரமும் உழைப்பும் அதில் அடங்கியிருத்தலே காரணம் என்பர். இதில் உண்மை உண்டு. ஆயின், அவ்வுழைப்பு எதன்பொருட்டுச் செலவிடப்பட்டது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பெறுபவனுக்காகவா, அன்றிச் செய்பொருளின் சிறப்புக்காகவா? பிள்ளைகளுக்கென மரத்திற் செதுக்கப்படும் சிற்றூர்தியை வைத்து இவ்வினாவை நோக்கலாம்.

இப்பொருள் நமக்குப் புதியதன்று. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டும் மூன்றுருளைச் சிறுதேர் வருகின்றது. குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்து கொடுத்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும் அதனைக் கையால் இழுத்தே இன்புறும் இளையோரைத் தோழியின் கூற்றில் உவமையாக்குகின்றார். இங்கே தச்சனுக்குக் கிடைப்பது ஒரேயொரு சொல். எஞ்சிய இன்பம் முழுவதும் இழுக்கும் கைகளுக்கே உரியது. செய்தவன் இவ்வளவு விரைவாக விலகிக்கொள்வது எளிதான காரியமா?

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தம் தமக்கையின் மகனுக்கு மொறிஸ் மைனர் கார் ஒன்றைச் செதுக்கினார். 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய அந்தக் கார் 12 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. அதனைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி ஓரடியளவில் அமைத்தார். நீளம் பன்னிரண்டில் ஒன்றானால் கனவளவு 1728 இல் ஒன்றாகிவிடும். வீதியிற் கண்ட பெரும்பொருள் ஒரு பிள்ளையின் மடியில் அடங்கும் அற்புதம் இதுவே. ஆனால் எல்லாம் அவ்வாறு சுருங்க இசைவதில்லை. உண்மைக் காரின் தகட்டுத் தடிப்பைப் பன்னிரண்டாற் பிரித்தால் எந்த மரமும் தாங்காது. எனவே எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்று உளி ஒவ்வோரிடத்திலும் முடிவுசெய்ய வேண்டியுள்ளது. மென்மையான முள்முருக்கங் கட்டையிற் பணி தொடங்கியது. முன்மூடியின் வளைவைப் பெற அரத்தால் உராய்வதும், வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பதும், மீண்டும் உராய்வதுமாக மாலைகள் கழிந்தன. சக்கரங்கள் நூற்கட்டையிலிருந்து அரிந்தெடுக்கப்பட்டன. கதவுகள் திறந்து மூடின. கண்டோர் வியந்தனர்.

பரிசிலைப் பெற்ற சிறுவன் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின், "மாமா, இதிலை கயிறு எங்கை கட்டுறது?" என்று கேட்டான். கயிறு கட்ட இடமிருக்கவில்லை. உடைந்துவிடும் என்று அஞ்சிய தாய் அதனைக் கண்ணாடி அலுமாரியுள் வைத்துப் பூட்டினாள். சிறுவனோ முற்றத்திற் பனங்காய் வண்டிலை உருட்டித் திரிந்தான். அவ்வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் ஆசிரியர் அலுமாரியை நோக்குவார். கார் கீறலின்றி இருப்பதைக் கண்டு மகிழ்வார். பரிசில் கொடுக்கப்பட்டுவிட்டது என்று இதனைக் கூறலாமா?

உபகாரம் செய்தோர் அதனைப் பெற்றோரை நேசிக்கும் அளவுக்குப் பெற்றோர் அவர்களை நேசிப்பதில்லை என்பதை அரிஸ்ரோட்டில் தம் நிக்கோமாக்கிய அறநூலின் ஒன்பதாம் பகுதியில் ஆராய்கின்றார். கைவினைஞனும் கவிஞனும் தத்தம் படைப்பின்மீது கொள்ளும் அன்பையே அதற்கு ஒப்பாகக் காட்டுகின்றார். செய்பொருள், செய்தவனின் இருப்பே செயலுருக் கொண்டது என்பது அவர் தரும் விளக்கம். இது உண்மையாயின், கையாற் செய்த பரிசில் ஓர் இடர்ப்பாட்டை உடன்கொண்டே பிறக்கின்றது: தன்னைத்தானே நேசிக்கும் ஒருவன் பிறனை நேசிப்பதாக நம்பிவிடுகின்றான். கொடைப்பொருளிற் கொடுத்தவனின் ஒரு கூறு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மார்ஸல் மோஸ் 1925 இல் எழுதியதும் இங்கு நினைக்கத்தக்கது. கடையில் வாங்கிய கார் உடைந்தால் ஒரு பொருள் உடைந்தது. மாமன் செதுக்கிய கார் உடைந்தால் மாமனே புண்பட்டார் என்றாகின்றது. யாதொரு வாக்குறுதியும் அளித்திராத ஏழு வயதுப் பிள்ளை இக்கடனைச் சுமக்க வேண்டியுள்ளது. பிடிக்கவில்லை என்று கூறும் உரிமையும் அவனுக்கு இல்லை. கைவினைப் பரிசிலின் உயர்வைப் பேசுவோர் இச்சுமையைப் பேசுவதில்லை.

அவ்வாறெனின் அக்கறையின்றிச் செய்வதே அறம் என்று யாரேனும் கூறுவாராயின், அது விதண்டாவாதம். செய்பொருளின்மீது பற்றில்லாதவன் கோணல் வண்டியையே கொடுப்பான். அதுவும் பெறுபவனை இழிவுபடுத்துவதே. பற்றுக் குற்றமன்று. கைமாறிய பின்னரும் அது உரிமை கோருவதே குற்றம்.

சூத்திரகரின் மிருச்சகடிக நாடகம், பண்டிதமணி கதிரேசச் செட்டியாரின் தமிழில் 'மண்ணியற் சிறுதேர்', இவ்விடத்திற் பெரிதும் உதவுகின்றது. அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியோடு விளையாடிய சாருதத்தனின் மகன் ரோகசேனன், அது திருப்பியெடுக்கப்பட்டதும் அழுகின்றான். பணிப்பெண் ரதனிகை மண்ணால் ஒரு வண்டி செய்து கொடுக்கின்றாள். பிள்ளை அது வேண்டாம் என்கின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்வண்டியை நிரப்புவதையே எல்லோரும் நினைவிற் கொள்கின்றனர்; நானோ ரதனிகையையே எண்ணுகின்றேன். தன் கைவேலை மறுக்கப்பட்டபோது அவள் சினக்கவில்லை, நன்றி எதிர்பார்க்கவுமில்லை. தந்தைக்கு மீண்டும் செல்வம் வரும்போது பொன்வண்டியில் விளையாடலாம் என்று பிள்ளையைத் தேற்றுகின்றாள். அழுகை ஓயவேண்டும் என்பதன்றி அவ்வண்டியிடம் அவளுக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

நம் ஆசிரியர் நாடகம் படித்து மனம் மாறியவரல்லர். அந்தக் கயிற்றுக் கேள்வி அவரை விடவில்லை என்றே நினைக்கின்றேன். மறு ஆண்டு அவர் இன்னொரு வண்டி செய்தார். அதற்குக் கதவு இல்லை. முன்மூடியின் வளைவும் ஏறக்குறையத்தான் இருந்தது. அச்சுகள் தடித்தவை. முன்புறத்திற் கயிறு கோப்பதற்கு ஒரு துளை இருந்தது. மூன்று மாதத்தில் அதன் பின்சக்கரம் கழன்றுவிட, சிறுவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடிவந்தான். எங்கே இடித்தாய் என்று அவர் கேட்கவில்லை. நூற்கட்டை ஒன்றைத் தேடியெடுத்து அரியத் தொடங்கினார்.