புனிதர் ஏன் காக்கவில்லை?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி லிண்டிஸ்ஃபார்ன் இருக்கிறது. கடல் ஏறினால் தீவு. வற்றினால் காரிலேயே போய்விடலாம். நேரப் பட்டியலைப் பாராமல் கிளம்பி, நடுவழியில் தண்ணீரில் மாட்டிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. போகிறவர்களின் கண் முதலில் பாறை உச்சியிலுள்ள கோட்டை மீதுதான் விழும். அதன் கற்களோ பழைய மடத்துக் கற்கள்.

அங்கே 635-ல் எய்டன் முதல் மடத்தை நிறுவினார். பின்னாளில் ஆயராக இருந்த கத்பெர்ட் 687-ல் இறந்தார். பதினொரு ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்தது என்று எழுதுகிறார் அக்காலத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட். பக்தர்கள் திரண்டார்கள். அப்பேர்ப்பட்ட இடத்துக்குள் 793 ஜூனில் வைக்கிங்குகள் புகுந்து கொள்ளையடித்தார்கள், துறவிகளைக் கொன்றார்கள்.

புனிதர் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார்?

சார்லமேனின் அவையைச் சேர்ந்த அறிஞர் அல்குயின் நார்தம்ப்ரியாவில் பிறந்தவர். சேதி கேட்டுப் பதறி, நார்தம்ப்ரிய மன்னருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் ஆயருக்கும் கடிதங்கள் எழுதினார். அவர் கண்ட காரணம் பாவம். ஆடம்பர உடையைக் கண்டித்தார்; புறச்சமயத்தாரைப் பார்த்து முடியும் தாடியும் வைத்துக்கொள்வதைக்கூட விடவில்லை. ஆண்டவர் நேசிப்பவரையே தண்டிக்கிறார் என்று ஆயருக்கு ஆறுதலும் சொன்னார். வெட்டுப்பட்டவனிடமே குற்றத்தைத் தேடும் ஆறுதல் அது. அடுத்த ஆண்டு அதே கரையில் இன்னொரு மடத்தைத் தாக்கியவர்களின் கப்பல்களைப் புயல் உடைத்தது. அதைக் கத்பெர்ட் தந்த தண்டனையாகப் பின்னால் எழுதிவைத்தார்கள். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதைத்தான் விளக்குகிறது?

பிற்காலத்தில் அங்கே மீண்டும் எழுந்த மடம், எட்டாம் ஹென்றி காலத்தில், 1537-ல், மூடப்பட்டது. அதன் கற்களைப் பெயர்த்துக் கோட்டை கட்டி, பீரங்கிகளை ஏற்றினார்கள். இனிக் காவல் துப்பாக்கி மருந்தின் பொறுப்பு! 1715-ல், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீட்க நடந்த யாக்கோபியக் கிளர்ச்சியின்போது, கிளர்ச்சிக்காரர் லான்சலட் எரிங்டன் அங்கே போனார். பீரங்கிப்படைத் தலைவரே சவரமும் செய்வாராம். அவரிடம் தாடியை மழித்துக்கொண்டே நோட்டம் விட்டார் என்று ஒரு கதை. கடிகாரச் சாவியைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லித் தன் உறவினரோடு மறுபடி வந்து, கோட்டையைப் பிடித்தேவிட்டார். மறுநாளே அது கைமாறியது வேறு விஷயம். அல்குயின் இருந்திருந்தால் இந்தத் தாடியையும் கணக்கில் சேர்த்திருப்பார். பிற்பாடு புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை ஒரு செல்வந்தரின் ஓய்வில்லமாக மாற்றித் தந்தார்.

கத்பெர்ட்டுக்கோ காவல் தெய்வமாகும் ஆசையே இருக்கவில்லை. லிண்டிஸ்ஃபார்னில் தம்மைப் புதைத்தால் அடைக்கலம் தேடிக் குற்றவாளிகளெல்லாம் வருவார்கள், அவர்களுக்காகப் பரிந்துபேசியே துறவிகள் களைத்துப்போவார்கள் என்று அஞ்சி, தனித்து வாழ்ந்த ஃபார்ன் தீவிலேயே அடக்கம் செய்யக் கேட்டார். துறவிகள் மன்றாடித்தான் சம்மதிக்கவைத்தார்கள். 875-ல் டேனிய வைக்கிங்குகள் மீதான பயம் வலுத்தபோது அவருடைய பேழையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தீவைவிட்டே வெளியேறினார்கள். ஏழாண்டுகள் ஊர் ஊராக அலைந்தபின் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் தங்கினார்கள். 995-ல் அவர்களின் வழிவந்தவர்கள் பேழையை டர்ஹத்துக்குக் கொண்டுபோனார்கள். கத்பெர்ட்டின் கல்லறை இன்றும் அங்கேதான் இருக்கிறது.