பொது என்பது யார்?

ஆத்தச் சுத்தம் பண்ணணும், கரையில பூங்கா வைக்கணும், ஐம்பது வருசத்துக்குத் திட்டம் போடணும் என்கிறார்கள். நல்ல காரியம். வேணாம்னு எவன் சொல்லப்போறான்? ஆனால், 'வருங்காலத் தலைமுறைக்காக' என்று அவர்கள் சொல்லும்போது, யாருடைய தலைமுறை என்று நாம் கேட்டாக வேண்டியிருக்கிறது.

சென்னையில் அடையாறு கடலில் கலக்கிற இடத்தருகே, குப்பையும் சாக்கடையுமாய்க் கிடந்த உப்பங்கழியை மீட்டு, 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை 2011 சனவரியில் திறந்தார்கள். அலையாத்தி நட்டார்கள். பறவைகள் வந்தன. எங்களுக்குக் கொக்கு மேல கோவமில்ல. அதுவும் எங்களப் போலச் சேத்துல நின்னு பொழைக்கிற சீவன்தான்.

ஆனால் நதியைச் சீரமைப்பது பூங்காவோடு நிற்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்தார்கள். பெரும்பகுதி தலித் சனங்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அது எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். மழை பேஞ்சா அங்கயும் தண்ணிதான். என் அத்தையும் அப்படிப் போனவதான். வீட்டுவேலை செஞ்ச தெரு அவளுக்குக் கூப்பிடு தூரத்துல இருந்துச்சு. இப்ப ரெண்டு பஸ் மாறணும்.

குடிசைக்காரன்தான் ஆத்தக் கெடுத்தானாம். அப்படின்னா மாடிவீட்டுக் கக்கூசுத் தண்ணியெல்லாம் எங்க போவுது? பக்கிங்காம் கால்வாயிலேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். அடையாற்றின் குறுக்கே விமான ஓடுபாதை போட்டார்கள். அதெல்லாம் வளர்ச்சி, குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார். அது ஏற்கெனவே காகிதத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட குளம். ஆடு மாடு குடிக்கலாம், தீண்டப்படாதவன் மட்டும் குடிக்கக் கூடாது என்பதே நடைமுறை. காகிதத்தில் இருக்கிற 'பொது' வேறு, கரையில் இருக்கிற 'பொது' வேறு என்பதை அந்தக் குளம் காட்டியது.

ஆறு விரிய இடம் வேணும், யாராவது நகரத்தானே வேணும் என்பார்கள். ஞாயந்தான். ஆனால் எல்லாருக்குமான நன்மைக்கு எப்பவும் ஒருத்தனே விலை கொடுத்தா அதுக்குப் பேரு தியாகமில்ல, பறிப்பு. முதலில் ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடாமல் நிறுத்துங்கள். பெரிய கட்டடங்களையும் நகரச் சொல்லுங்கள். கரையில் வாழ்ந்தவர்களுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு கொடுங்கள். பூங்காவைக் காக்கிற வேலையை, கூலிக்கு மட்டுமல்லாமல் முடிவெடுக்கிற உரிமையோடு அவர்களுக்குக் கொடுங்கள்.

மரத்துக்கு இத்தனை வருசம், மண்ணுக்கு இத்தனை வருசம் என்று எண்ணுகிற திட்டம், பெரும்பாக்கத்துப் பிள்ளையின் நாளையையும் எண்ணட்டும். எண்ணாத வரைக்கும் அது பொதுத் திட்டமில்ல, ஊர்த் திட்டம். ஊருக்கு வெளியே எப்போதும் ஒரு சேரி இருக்கும்.