கட்டடமும் கடப்பாடும்: லாரி பேக்கரை முன்வைத்து

சிக்கனம் தன்னலம் சார்ந்த பண்பா, பிறர்நலம் சார்ந்த பண்பா என்னும் வினாவைக் கட்டடக்கலை கூர்மையாக எழுப்புகிறது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் வருவாயின் அளவறிந்து செலவிடுதலை வற்புறுத்தும். அங்கு அளவிடப்படுவது ஒருவனது சொந்தப் பொருள். வீடு கட்டுவோன் செலவிடுவதோ தன் பொருளை மட்டுமன்று. ஆற்று மணலையும் வயல் மண்ணையும் சூளை விறகையும் அவன் விலைகொடுத்தே வாங்கினும், அவற்றின் இழப்பைத் தாங்குவோர் பிறர். மணல் அள்ளுதலை நெறிப்படுத்தக் கேரளம் 2001இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

பர்மிங்காமில் 1917இல் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கரின் பணியை இந்நோக்கில் ஆராய்தல் தகும். வீட்டுக்குரிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாதல் வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவரை ஆட்கொண்டது. அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கற்கள் படுக்கவைக்கப்படாமல் பக்கவாட்டில் நிறுத்தப்படுகின்றன. நடுவே வெற்றிடம் அமைகிறது. இதனால் செங்கல் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு மிச்சமாவதோடு, இடைநின்ற காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கான்கிரீட் கூரையின் கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். சுவருக்குப் பூச்சே வேண்டா என்றார்.

இங்கே ஒரு தடை எழும். பூசாத சுவர் வறுமையின் அடையாளமாகக் கருதப்படும் சமூகத்தில், ஏழை பூச்சை விரும்புவது ஆடம்பரம் அன்று. அவன் வேண்டுவது மதிப்பு. செல்வர் மாளிகை எழுப்ப, ஏழைக்கு மட்டும் சிக்கனம் போதிக்கப்படின் அதனை அறம் எனல் பொருந்தாது. மலிவு என்பதே பொருந்தும். பேக்கர் இத்தடையைச் சொல்லால் மறுக்கவில்லை. மீனவர் குடியிருப்புக்குச் செங்கல் அடுக்கிய அதே கை, திருவனந்தபுரம் உள்ளூரில் பொருளியலறிஞர்களுக்கான வளர்ச்சி ஆய்வு மையத்தையும் பூசாத செங்கல்லாலேயே எழுப்பியது. அவரது சிக்கனத்துக்கு அறத் தகுதி அளிப்பது, செங்கல் மிச்சத்தினும் இந்தச் சமநிலையே எனலாம். இன்றைய பசுமைத் தரச்சான்றுகள் ஒரு கட்டடம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதைப் பெரிதும் அளக்கின்றன. அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டுமா என்பதை அரிதாகவே வினவுகின்றன.

எனினும், சுட்ட செங்கல்லும் எரிபொருளை உண்பதே. பேக்கர் இதனை அறிந்திருந்தார். சுடாத மண்ணால் கட்டும் முறைகளை விளக்கிச் சிறுநூல் ஒன்றும் எழுதினார். மண்சுவரை முதலில் ஏற்க வேண்டியவர் யார் என்ற வினா அந்நூலோடு மீண்டும் எழுகிறது.