சித்தூர்த் தோப்புகளுக்கு நாம் தர மறுத்த மரியாதை

பாலக்காட்டு அக்ரஹாரமான கல்பாத்தியின் தேருக்கு ஊர் திரும்பும் இளைஞர்களில் பலர் இன்று பெங்களூரில் வேலை செய்பவர்கள். திண்ணைப் பேச்சில் அந்நகரின் சிறு பியர் ஆலைகளும் இடம்பெறுகின்றன. 2010-இல் இந்திராநகரில் திறந்த ‘டாய்ட்’ போன்ற இடங்களில் பியர் அங்கேயே காய்ச்சப்பட்டு, புளித்து, தொட்டியிலிருந்து நேரே கோப்பைக்கு வருகிறது. பாசுமதி அரிசி சேர்த்த பியர் உண்டு. மாம்பழக் காலத்தில் மாம்பழ பியர் உண்டு. பெரிய கம்பெனிகளின் புட்டி எங்கே திறந்தாலும் ஒரே சுவைதான். இங்கே காய்ச்சுபவரின் தேர்வும் பருவமும் நாவில் தெரிகின்றன. இந்த ரசனையை நான் மதிக்கிறேன். செய்தவர் யார், எதிலிருந்து செய்தார் என்று கேட்டுக் குடிப்பது, கேட்காமல் குடிப்பதைவிட மேலானது.

ஆனால் இதே கேள்விகளை நம் வாசலுக்கு அருகே நாம் கேட்டதில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் கலந்து பேசப்படும் சித்தூர் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. தொழிலாளி பாளையை இறுகக் கட்டி, நாள்கணக்கில் தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுகிறார். காலை, நண்பகல், மாலை என்று ஒரே மரத்தில் மூன்று வேளை ஏறுகிறார். சீவல் சற்றுத் தடித்தால் பாளை வீண். மெலிந்தால் நீர் சுரக்காது. சொட்டும் நீர், கலயத்திலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட்டால் அப்போதே புளிக்கத் தொடங்குகிறது. காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு, மறுநாள் காடி. மால்ட்டும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம்.

பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரைச் சுற்றி ‘லாம்பிக்’ என்றொரு பியர் வகை உண்டு. அதற்கும் ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. அந்த வட்டாரத்தின் காற்றில் உள்ளதே புளிக்க வைக்கிறது. அதை உலகம் அருங்கலை என்கிறது. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கல்பாத்தியும் பாரம்பரியக் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். எங்கள் வீடுகளையும் தேரையும் மரபு என்று போற்றும் நாங்கள், சித்தூர்த் தோப்பின் கைத்திறனை அந்தச் சொல்லால் அழைத்ததே இல்லை.

காரணம் பானத்தில் இல்லை, சாதியில் இருக்கிறது. கள்ளிறக்குதல் ஈழவர் தொழிலாகக் கட்டப்பட்டது. அந்தத் தொழிலைச் சொல்லியே அவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். எங்கள் அக்ரஹாரத் தெருக்களும் அப்படித்தான் மூடிக் கிடந்தன. கள்ளை நஞ்சு என்று சொல்லி, அதை இறக்கவும் விற்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று தம் மக்களுக்கு உரைத்தவர், அதே சமூகத்தில் பிறந்த சீர்திருத்தவாதி நாராயண குரு. குடியால் சிதைந்த குடும்பங்களை அவர் கண்டிருந்தார். ஆகவே கள்ளைப் புகழ்ந்து பாடுவது என் நோக்கமல்ல. ஒரே செயலை இந்திராநகரில் செய்பவருக்குக் கலைஞர் என்ற பெயரும், சித்தூரில் செய்பவருக்கு இழிவும் கொடுக்கும் அளவுகோலைத்தான் மறுக்கிறேன்.

மதிப்பு மறுக்கப்பட்ட இடத்தில் தரமும் தேய்கிறது. தோப்பில் கிடைப்பதைவிடக் கடையில் அதிகம் விற்க ஆசைப்படுபவர்கள் தண்ணீரும் சாக்கரினும் மயக்க மருந்தும் கலக்கிறார்கள். குற்றம் அவர்களுடையது, பழி மரமேறியவர் தலையில் விழுகிறது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 1987 முதல் கள்ளுக்கே தடை. அதே மாநிலத்தில் 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே பிராந்தி விற்கிறது. மதுவின் கேடுதான் கவலை என்றால், கடுமையானதை விற்று மென்மையானதைத் தடுப்பது எந்த நியாயத்திலும் சேராது.

பியரைக் கள்ளோடு ஒப்பிடும்போது கணக்கில் கொள்ள வேண்டிய இன்னொன்று தண்ணீர். ஒரு லிட்டர் பியருக்கு ஆலைகள் பல லிட்டர் நீரைச் செலவிடுகின்றன. சித்தூரோ மழை குறைந்த பூமி; பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வரவேண்டிய 7.25 டி.எம்.சி. நீரை ஆண்டுதோறும் எதிர்பார்த்து நிற்பது. அங்கேதான் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் கெட்டன. மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் வாசலில் அமர்ந்து போராடினார்கள். 2004-இல் ஆலை நின்றது. அரசு அமைத்த குழு, இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று 2010-இல் மதிப்பிட்டது. அந்த நினைவு ஆறாத மண்ணில், எலப்புள்ளியில் மதுபான ஆலை தொடங்க 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி அளித்தது. ஊர் எதிர்த்ததில் வியப்பில்லை.

நல்ல பியரை ரசிக்கக் கற்றவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அந்த ரசனை உண்மையானால், நம் மண்ணின் பானத்துக்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் தோப்பு, எப்போது இறக்கியது, இறக்கியவருக்கு என்ன கூலி, மரத்திலிருந்து விழுந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். கலப்படத்தைக் கடையிலேயே சோதிக்கும் ஏற்பாட்டையும், தோப்பின் பெயர் தாங்கிய விற்பனையையும் கோருங்கள். எந்த ஆலைக்கும் நீர் தரலாமா என்பதை முதலில் அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்து சொல்லட்டும். குடிக்காதவர்களுக்கும் இதில் பங்குண்டு: ஒரு பானத்தை விலக்குவது நம் உரிமை, அதை இறக்கும் மனிதரை விலக்கும் உரிமை நமக்கு ஒருநாளும் இருந்ததில்லை.