நல்லவரின் மௌனம்

தீயவன் தீமை செய்வதில் வியப்பில்லை. நல்லவர் ஒருவர் தீமைக்கு எவ்வாறு துணைபோகிறார் என்பதே அறநெறியின் கடினமான வினா. வெற்றிமாறன் இயக்கத்தில் 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்த 'விசாரணை' இவ்வினாவைக் காவல் நிலையத்தின் இருளுக்குள் நின்று எழுப்புகிறது. ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார், குண்டூர்க் காவலில் தாம் பட்ட பாடுகளைக் கொண்டு எழுதிய 'லாக்கப்' என்னும் நாவலே அதன் வேர்.

பிழைப்புக்காகக் குண்டூர் சென்ற தமிழ்த் தொழிலாளர் நால்வர். செல்வாக்குள்ளவர் வீட்டில் நிகழ்ந்த கொள்ளையை அவர்கள்மீது சுமத்தி, ஒப்புக்கொள்ளச் சொல்லி வதைக்கின்றனர் காவலர்கள். நீதிமன்றத்தில் தம் தரப்பைத் தெலுங்கில் எடுத்துரைக்க இயலாமல் அவர்கள் தவிக்கும் வேளையில், அங்கு வந்திருந்த தமிழகக் காவல் ஆய்வாளர் முத்துவேல் அவர்களுக்காக மொழிபெயர்க்கிறார். விடுதலை கிடைக்கிறது.

பின்னர்ச் சென்னையில், அரசியல்வாதிகளின் பண இரகசியம் அறிந்த தணிக்கையாளர் ஒருவர் காவலில் இறக்கிறார். அதனை மறைக்க அதிகாரிகள் தீட்டும் திட்டம் இத்தொழிலாளர்களின் செவியில் விழுகிறது. கேட்டவர்கள் உயிரோடிருத்தல் ஆகாது என முடிவாகிறது. முத்துவேல் பதைக்கிறார், தடுக்கவும் முயல்கிறார். ஆனால் அவரது மறுப்பு நிலையத்தின் சுவர்களைத் தாண்டி வெளியே வரவில்லை. குண்டூரில் எளியோர்க்குத் தம் நாவை இரவல் தந்தவர், சென்னையில் அதனை அடக்கிக்கொண்டார். முடிவில் அந்த மௌனம் அவரையும் காக்கவில்லை. சக அதிகாரிகளாலேயே பலியாகிறார்.

பிலாத்துவும் இயேசுவிடம் குற்றம் காணவில்லை. அறியாமை அன்று, அறிந்தபின் கை கழுவியதே அவனது பாவம். வதைத்து வாக்குமூலம் பெறுவதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2297) கண்டிக்கிறது. அடுத்த எண்ணிலேயே, முற்காலத்தில் திருச்சபையின் நீதிமன்றங்களும் வதையை ஏற்றிருந்தன என்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறது. எனவே, காவலர்மீது மட்டும் கல்லெறிய நமக்குத் தகுதியில்லை.

திரைப்படத்தில் நிகழாதது நம் நாட்டில் நிகழ்ந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களில் உயிரிழந்தனர். அந்நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், அச்சத்தோடு எனினும், தாம் கண்டதை உரைத்தார். அச்சம் இல்லாதவர்தாம் சாட்சியாக முடியும் என்பதில்லை; அஞ்சிக்கொண்டே வாய் திறந்தவரும் சாட்சியே.

பனித்திட்டு போன்ற நம் சிற்றூரிலிருந்து ஓர் இளைஞன் மொழி தெரியாத ஊருக்கு வேலை தேடிச் செல்லக்கூடும். நம் மொழி தெரியாத ஒருவன் பாகூர்ப் பக்கம் கூலிக்கு வந்து நிற்கவும் கூடும். அவன்மேல் வீண்பழி விழும் நாளில் அவனுக்காகப் பேசப்போவது யார்? திருப்பலியின் தொடக்கத்தில், செய்த பாவங்களோடு செய்யத் தவறியவற்றையும் நாம் அறிக்கையிடுகிறோம். பேசவேண்டிய இடத்தில் பேசாதிருந்த நாள்களை அப்போதேனும் எண்ணிப் பார்ப்போமாக!